மெர்வின் டூலியின் குளிர்ச்சிக் கல்

பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியில் அந்த மாதம் இரண்டு அதிசயங்கள் நடந்தன. ஒன்று, மழை பெய்தது. இரண்டு, மேவிஸ் அம்மாளின் மடிக்கணினி குணமாயிற்று. மழையை ஊர் மறுநாளே மறந்துவிட்டது. கணினியைத்தான் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சுரங்கக்காரர் சங்கக் கூடத்தின் வாசலிலிருந்து வரிசை தெருவரைக்கும் நீண்டது. ஆளுக்கொரு மடிக்கணினி. கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடி நின்றார்கள். ஒருவர் ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் அதன் அடியில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றைக் கட்டியிருந்தார். நாற்பது வருடம் பாறையை வெடிவைத்துப் பிளந்த கைகள். இப்போது ஒரு பெட்டிக்குக் காய்ச்சல் என்று நடுங்கின.

டானிட்சா வரிசையில் நிற்கவில்லை. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணினிகளை ஊருக்குக் கொடுத்தவளே அவள்தான். ஊர் நூலகத்தைத் தனியாளாக நடத்துபவள். நகரத்தில் ஓர் அலுவலகம் பழசென்று தூக்கிப்போட்ட இருபத்திரண்டு கணினிகளை வாங்கிவந்து, துடைத்து, லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி, வேண்டியவர்களுக்கு இரவல் கொடுத்தாள். எல்லாம் ஒரே வகை, ஒரே வயது. ஒரு வருடம் நன்றாகவே ஓடின. போன மாதம் எல்லாவற்றின் மென்பொருளையும் அவளே புதுப்பித்தாள். அதற்குப் பிறகுதான் இந்த வியாதி. மூடியை மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும், விழித்த கால்மணி நேரத்தில் தோசைக்கல்லாகக் கொதித்து அணைந்துபோகும்.

அணைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சுடுவதில்லை. ஆனால் யார் அணைக்கிறார்கள்? இந்த ஊரில் எதையும் முழுசாக மூடும் வழக்கமில்லை. தோண்டிய குழியையே மூடாமல் அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள். கணினியையா அணைக்கப் போகிறார்கள்? மூடியைத் தட்டிவிட்டுச் சுரங்கத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கூடத்துக்குள் மெர்வின் டூலி நின்றிருந்தார். கடற்கரைப் பக்கமிருந்து வண்டிவீட்டில் வந்தவர். தலையில் இறகு செருகிய தொப்பி. காலில் செருப்பில்லை. பூமி பேசுவது செருப்புப் போட்டால் கேட்காதாம். கையில் வளைத்த கம்பிகள் இரண்டு.

கம்பிகளைப் பார்த்ததும் ஊர் பாதி விழுந்துவிட்டது. ஓபல் என்னும் ரத்தினக்கல் எங்கே இருக்கிறதென்று கம்பி பிடித்துப் பார்த்துத்தான் இங்கே பலர் குழி தோண்டுகிறார்கள். கம்பி சொன்ன இடத்தில் ஒன்றும் கிடைக்காமல் போன குழிகள் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றில் தவறி விழாதிருக்க எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். கம்பிக்குத்தான் ஒரு பலகையும் வைக்கவில்லை.

"அம்மா, இந்தப் பெட்டி எங்க தூங்குது?" டூலி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"வீட்டுலதான்."

"மண்ணுக்கடியில... பாறைக்குள்ள தூங்குது. சரியா?"

"அடப்பாவி! எப்படிக் கண்டுபிடிச்சார்!"

ஊரில் பாதிப் பேர் பாறையைக் குடைந்த வீடுகளில் வசிக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு ஞானக்கண் தேவைப்பட்டிருக்கிறது.

"தூங்கும்போது அதோட உயிர் பாறைக்குள்ள இறங்கிடுது. எழுப்பினா பாதி உயிர்தான் திரும்பி வருது. மீதிப் பாதியைத் தேடித் தவிக்குதும்மா. அந்தத் தவிப்புதான் சூடு."

கம்பிகள் கணினிக்கு மேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. கூட்டம் மூச்சை இழுத்தது. டூலி ஒரு கறுப்புப் பட்டுத்துணியைக் கணினிமேல் போர்த்தினார். அதற்குள் வலக்கையை நுழைத்தார். பத்து வரைக்கும் மெதுவாக எண்ணினார். இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாதென்றார். பிறகு துணியை விலக்கினார். கணினி புதிதாகப் பிறந்தது போலக் கண்விழித்தது. முதுகில் ஒரு சிறு கல்லை ஒட்டினார்.

"குளிர்ச்சிக் கல். நாற்பது டாலர். மூணு நாளைக்கு மூடியை மூடவே கூடாது. கல்லுக்கு வெளிச்சம் வேணும்."

"அதுக்கப்புறம்?"

"மூடலாம். மறுபடி சுட்டுச்சுன்னா கல்லு தன் சக்தியைக் குடுத்துட்டுதுன்னு அர்த்தம். புதுக் கல்லு போடணும்."

மேவிஸ் அம்மாள் சாட்சி சொல்ல முன்னால் வந்தார். "நான் மூணு கல்லு மாத்திட்டேன். ஒவ்வொண்ணும் மூணு நாள் கரெக்டா வேலை செய்யுது. கடிகாரம் தோத்துடும்!"

கூட்டம் கைதட்டியது. டானிட்சா தட்டவில்லை. மூன்று நாள் மூடாதே என்கிறார், மூன்று நாள் சுடவில்லை. நான்காம் நாள் மூடு என்கிறார், சுடுகிறது. இதில் கல் எங்கே வருகிறது? ஒரு கேள்வியைப் பலநாள் வாய்க்குள்ளேயே வைத்துச் சுவைக்கிற பழக்கம் அவளுக்கு.

ஆனால் அடுத்து வந்தவரைப் பார்த்ததும் அந்தப் பழக்கம் கைகொடுக்காது என்று தெரிந்தது. ஸ்டோயன் மாமா. எழுபத்து நான்கு வயது. ஓபலைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தே விலை சொல்லக்கூடியவர். இளையவர்கள் எல்லாருக்கும் அவர் மாமாதான்.

கம்பிகள் அவருடைய கணினிமேல் வெட்டிக்கொண்டு, பிரிந்து, மறுபடி வெட்டிக்கொண்டன. டூலியின் முகம் வாடியது.

"பெரியவரே, இது முத்திப்போச்சு. சாதாரணக் கல்லு தாங்காது. உயிருள்ள கல்லு வேணும். உள்ள நெருப்பு ஆடுற கல்லு. உங்ககிட்ட ஏதாவது...?"

ஸ்டோயன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணு இருக்கு."

"குடுங்க. கடல்தண்ணியில ஒரு மாசம் வெச்சு சக்தி ஏத்திக் கொண்டுவரேன். சனிக்கிழமை மத்தியானம் கிளம்புறேன்."

அந்த ஒன்று எதுவென்று டானிட்சாவுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாக ஒரு ஜாம் பாட்டிலுக்குள் தண்ணீரில் கிடக்கும் கறுப்பு ஓபல். திருப்பினால் சிவப்பு ஓடும். அவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்தது. பேத்தி மிலாவின் கல்யாண மோதிரத்துக்கென்று விற்காமல் வைத்திருந்தார். செப்டம்பரில், கடல்தாண்டி நோவி ஸாட் நகரத்தில் கல்யாணம்.

வெளியே அவரை மடக்கினாள்.

"மாமா, அவர் ஒட்டுறது வெறும் பாட்ச், விலைபோகாத ஓபல் கல்லு. நிறம் ஆடாதுன்னு நீங்களே வாளி வாளியா வெளியில கொட்டினது."

"எனக்குத் தெரியாதாடி? நீ எனக்குக் கல்லு சொல்லித்தரியா?"

"அப்புறம் எதுக்கு?"

"கல்லு வேற. அதுல ஏத்துன சக்தி வேற."

"அந்தச் சக்தியை லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களா?"

"லேப்டாப்ல ஒட்டுனதுக்கு எவனாவது லென்ஸ் வெப்பானா?" என்றார் எரிச்சலாக. பிறகு குரல் இறங்கியது. "டானி, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் மிலா வீடியோவுல வருவா. பாறைக்குள்ள போன் எடுக்காது. இந்தப் பெட்டி ஒண்ணுதான். போன வாரம் பன்னிரண்டு நிமிஷம். அவ கல்யாண கவுனைக் காட்ட எழுந்து நின்னா. படக்குனு அணைஞ்சுபோச்சு. அவ கால் மட்டும்தான் பாத்தேன்."

டானிட்சா கையை நீட்டினாள். பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

நூலகமும் பாறைக்குள்தான் இருந்தது. புதன் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பின்மூடியைக் கழற்றித் தூசி பார்த்தாள். தூசி இல்லை. ஏதாவது நிரல் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பட்டியல் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டாள். மூடினாள். திறந்தாள். கை வைத்தாள். சூடு ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி அணைத்தாள், போட்டாள்.

ஆறாம் தடவை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். பாறைக்குள் இருக்கும் அமைதி வெளியில் எங்கும் கிடைக்காது. காற்று இல்லை, ஈ இல்லை, வண்டிச் சத்தம் இல்லை. சொந்த ரத்தம் காதில் ஓடுவது கேட்கும். அந்த அமைதியில் கணினி மெல்லிசாக உறுமியது. உள்ளே விசிறி.

மூடினாள். பத்து நிமிடம் பொறுத்தாள். திறந்தாள்.

திரை ஒளிர்ந்தது. சத்தம் இல்லை.

காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டாள். சூடு கன்னத்தில் ஏறியது. விசிறி சுற்றவே இல்லை.

அப்புறம் எல்லாம் எளிது. விசிறியைக் கவனித்துக்கொள்ள உள்ளே ஒரு சிறு நிரல் இருக்கிறது. பெட்டி தூங்கும்போது அதுவும் தூங்குகிறது. பெட்டி விழிக்கிறது. அதை யாரும் எழுப்புவதில்லை. புதுப்பித்ததில் வந்த கோளாறு. அந்த நிரலை மட்டும் கையால் தட்டி எழுப்பினாள். உறுமல் கேட்டது. நாற்பது டாலரும் இல்லை, கம்பியும் இல்லை. விழித்ததும் விசிறியையும் எழுப்பு என்று மூன்று வரிக் கட்டளை எழுதி, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். மூடினாள், திறந்தாள். உறுமியது. இருபது தடவை செய்தாள். இருபது தடவையும் உறுமியது.

டூலியின் வலக்கை கறுப்புத்துணிக்குள் என்ன செய்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பத்து எண்ணும்வரைக்கும் அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறது, பிறகு மறுபடி போட்டிருக்கிறது. இதற்குப் பட்டுத்துணி வேறு!

வெள்ளிக்கிழமை காலை ஸ்டோயனிடம் சொன்னாள். அவர் சிரித்தேவிட்டார்.

"மூணு வரியா? எவ்வளவு பெரிய வியாதி, மூணு வரியில போயிடுமா? போடி."

அவர் கண்ணாலேயே பார்க்கச் சொன்னாள். "இப்ப குளுந்து நிக்கும். நாளைக்கு?" என்றார். கல் மூன்று நாள் தாங்கியதை நம்பியவருக்கு, விசிறி மூன்று நிமிடம் சுற்றியதை நம்ப முடியவில்லை.

டானிட்சா எழுந்தாள். நேராக டூலியின் வண்டிவீட்டுக்குப் போனாள். அங்கே எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது.

"ஏழு கல்லு குடுங்க. புதுசா."

டூலியின் கண் விரிந்தது. "ஏழா?"

"ஏழையும் ஒரே பெட்டியில ஒட்டினா, மூடித் திறந்தாலும் தாங்குமா?"

"ஏழு கல்லா! ஏழு வருஷம் தாங்கும் தாயே! மூடு, திற, மேல ஏறி ஆடு. பனிக்கட்டி மாதிரி இருக்கும்."

"அதை நாளைக்குக் காலையில கூடத்துல எல்லார் முன்னாடியும் காட்டலாமா?"

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுக்கென்ன, காட்டலாமே" என்றார் டூலி.

சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் ஸ்டோயன். மடியில் ஜாம் பாட்டில். தண்ணீருக்குள் கறுப்புக் கல் சிவப்பாக ஒருமுறை கண் சிமிட்டியது. டூலியின் பார்வை அதைவிட்டு நகரவில்லை.

மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள். இரண்டின் முதுகும் பழுப்புத் தாளால் மூடி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியது டானிட்சா இல்லை, மேவிஸ் அம்மாள். பின்கட்டில் வைத்துத் தானே ஒட்டுவேனென்று மேவிஸ்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். டானிட்சா ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவாளோ என்று பயம்.

"ஒண்ணுல ஏழு கல்லு இருக்கு, ஒண்ணுல இல்லை" என்றாள் டானிட்சா. "ரெண்டையும் மூடறோம். ஒரு டீ குடிக்கிறோம். திறந்து ரெண்டுலயும் ஒரே படத்தை ஓட விடறோம். அவ்வளவுதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எதுல கல்லு இருக்குன்னு கம்பி சொல்லுமா?"

டூலி புத்திசாலி. இரண்டில் ஒன்று என்றால் பாதிக்குப் பாதி ஆபத்து. "எதுக்கும்மா கம்பியைச் சிரமப்படுத்தணும்? கல்லே பேசும். எது குளுந்து நிக்குதோ அதுல என் கல்லு. எது கொதிக்குதோ அதுல இல்லை."

"எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்!" என்றது கூடம்.

டானிட்சா இரண்டு சாக்லேட் துண்டுகளை எடுத்தாள். கூடத்தின் பொறுப்பாளர் தானாசி கத்தினார். "ஏம்மா, எதுக்கு இதெல்லாம்?"

"வெப்பமானி வெச்சா நான் மந்திரம் போட்டேன்னு சொல்லுவீங்க. சாக்லேட்டை எல்லாருக்கும் தெரியும்."

மூடினார்கள். டீ குடித்தார்கள். திறந்தார்கள். விசைப்பலகைக்கு மேலே, கணினி எப்போதும் கொதிக்கும் இடது மூலையில், பெட்டிக்கொரு துண்டாகச் சாக்லேட் உட்கார்ந்தது. இரண்டு திரையிலும் ஒரே கால்பந்தாட்டம் ஓடியது. ஆட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நூறு பேர் சாக்லேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நிமிடத்தில் இடப்பக்கத்துச் சாக்லேட் பளபளத்தது. பத்தாம் நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பன்னிரண்டில் குழம்பாகி எழுத்துப் பொத்தான்களுக்குள் இறங்கியது. பதினைந்தில் அந்தக் கணினி கறுத்து அணைந்தது. வலப்பக்கத்துச் சாக்லேட், கடையிலிருந்து வந்தது போலவே மூலை மடங்காமல் இருந்தது.

கூடம் ஆர்ப்பரித்தது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று டூலி துள்ளினார். கம்பிகளை எடுத்து வலப்பக்கத்துக் கணினிமேல் நீட்டினார். அவை கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொண்டன. "ஏழு கல்லோட சக்தி! என் கையையே இழுக்குது! பெரியவரே, இன்னுமா சந்தேகம்? கொண்டாங்க அந்தக் கல்லை!"

ஸ்டோயன் எழுந்தார். பாட்டிலை நீட்டினார். டூலியின் விரல் அதைத் தொட்டது.

"நில்லுங்க மாமா" என்றாள் டானிட்சா. "இன்னும் தாளைக் கிழிக்கலையே."

மேவிஸ் அம்மாள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். சாக்லேட் பளபளத்த நேரத்திலிருந்தே அவர் முகம் சரியில்லை. யாரும் கவனிக்கவில்லை. மேசைக்கு வந்தார். வலப்பக்கத்துக் கணினியைத் திருப்பினார். தாளை ஒரே இழுப்பில் கிழித்தார்.

முதுகில் ஒட்டியிருந்தது ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டு.

கூடம் அமைதியானது. டானிட்சாவுக்குப் பிடித்தமான வகை அமைதி.

"யோவ்!" என்றார் தானாசி. "இது கூடத்துக் கக்கூஸ் டைல்ஸ் ஆச்சே! போன வாரம் உடைஞ்சு விழுந்தது!"

மேவிஸ் இடப்பக்கத்தையும் கிழித்தார். ஏழு கல்லும் அங்கே வரிசையாக ஒட்டியிருந்தன. அவற்றின் கீழே கணினி செத்துக் கிடந்தது.

"ஏய்யா," என்று மேவிஸ் டூலியைப் பார்த்தார், "உன் கம்பி கக்கூஸ் டைல்ஸுக்கா இந்த ஆட்டம் ஆடுச்சு?"

"அம்மா, இதுல... இங்க சந்தேகப்படற மனசுங்க இருக்கு. கல்லு அதைத் தாங்காது..."

"டைல்ஸ் தாங்குதே!"

சிரிப்பு முதலில் பின்வரிசையில் கிளம்பியது. பிறகு கூரைவரைக்கும் போயிற்று.

ஸ்டோயன் சிரிக்கவில்லை. பாட்டிலை மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். நாற்பது வருடம் ஒருநாளும் அவர் பையைவிட்டு இறங்காத லென்ஸ். ஏழு கல்லில் ஒன்றை நகத்தால் பெயர்த்துக் கண்ணருகில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். முகம் காதுவரைக்கும் சிவந்துபோனது.

"இந்த மஞ்சள் களிமண்ணு... இது என் குழியோடது." மெல்லத்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. "நான் வெளியில கொட்டினது. என் மண்மேட்டிலேர்ந்து பொறுக்கி நம்ம ஊருக்கே வித்திருக்கான்."

அதற்குள் பத்து லென்ஸ்கள் வெளியே வந்துவிட்டன. ஓபல் ஊர். லென்ஸ் இல்லாத பை கிடையாது. இரண்டு வாரமாக ஒருவர்கூட அதை எடுக்கவில்லை. கல் கடையில் இருந்தால் பார்த்திருப்பார்கள். கணினிமேல் இருந்ததால் கும்பிட்டார்கள்.

டூலி கிளம்புவதாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணிநேரம் முன்னதாகவே கிளம்பினார். செருப்புப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பூமி அப்போது என்ன பேசியதோ, கேட்க அவருக்கு நேரமில்லை.

கூட்டம் கலையும்போது ஸ்டோயன் மேசையருகிலேயே நின்றார். குளிர்ந்து நின்ற கணினியின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னோடதா?"

"உங்களோடதுதான். அந்த மூணு வரி இருக்கிறதால குளுந்து நிக்குது. மத்ததுல அது இல்லை, அதனாலதான் கல்லையெல்லாம் அதுல ஒட்டச் சொன்னேன்."

ஸ்டோயன் டைல்ஸைப் பிய்த்தெடுத்துத் தானாசியிடம் கொடுத்தார். பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

அவர் முகத்தில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. பெரிய வியாதிக்குச் சின்னக் காரணம் என்பது மனிதருக்கு ஏனோ அவமானமாகப் படுகிறது. அதைச் சொல்லலாமா என்று டானிட்சா யோசித்தாள். சொல்லவில்லை.

அன்றைக்கே மீதி இருபத்தொரு கணினியிலும் அந்த மூன்று வரியை ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மிலா ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினாள். கவுனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். ஸ்டோயன் கறுப்புக் கல்லைத் திரையருகே பிடித்துத் திருப்பினார். அங்கே சிவப்பு ஓடியது. பேத்தி அழுதாள் என்று மறுநாள் ஊரெல்லாம் சொன்னார். தான் அழுததைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தானாசி நூலகத்துக்குள் ஓடிவந்தார்.

"டானி! கூடத்துக் கக்கூஸ் சுவத்துல பதினோரு டைல்ஸ் காணோம்!"

"காணோம்னா?"

"பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க! தெருவுல போய்ப் பாரு. எல்லாப் பெட்டி முதுகுலயும் வெள்ளையா ஒட்டி வெச்சிருக்கானுங்க. 'டூலி கல்லு மூணு நாள்தான், இது மூடித் திறந்தாலும் சுடவே மாட்டேங்குது'ன்னு சொல்றானுங்க. ஒருத்தன் பக்கத்து ஊருக்கு விக்க மூட்டை கட்டிட்டு இருக்கான்!"

டானிட்சா ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, நூலகக் கதவில் ஒட்டினாள். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது:

'டைல்ஸ் ஒட்டியவர்கள் அதைப் பிய்த்துவிட்டு ஒரே ஒரு நாள் பெட்டியை ஓட்டிப் பார்க்கவும். அப்போதும் சுடவில்லை என்றால், ஏன் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கவும். பழக்கமில்லாதவர்களுக்கு யோசிக்கும்போது தலை சற்றுச் சூடாகும். பயப்பட வேண்டாம். அதன்மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.'